மலையிறங்கிய பூண்டுக்காடு

மேகம் கேட்காமல் வீட்டுக்குள்ளே நுழைந்து, அடுப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கொல்லைவழியே வெளியேறிப் போகிற உயரத்தில் பேரிமேடு என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரில், ஆடி மாசத்து மழை ஒன்று விடிய விடியப் பெய்து ஓய்ந்த காலையில், சடையப்பன் பெண்சாதி சிட்டம்மா களைக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தன் பூண்டுக்காட்டுக்குப் போனபோது காடு அங்கே இல்லை.

சரிந்து கிடந்தது என்றால் அது வேறு. மண் விழுந்து மூடியது என்றாலும் அது வேறு. இது அப்படியில்லை, காணோம். மேலே அவள் ஓரகத்தி காமாயியின் காடு இருந்தது, கீழே அடுத்தவர் காடு ஒரு முட்டைக்கோசு கூட நசுங்காமல் இருந்தது, நடுவிலே இவள் காடு இருந்த இடம் மட்டும் பல் விழுந்த ஈறு மாதிரி வழவழவென்று பாறையும் கசிவுமாகக் கிடந்தது. பனிமூட்டத்தில் வரிசை தப்பி வந்துவிட்டோமோ என்று சிட்டம்மா திரும்பவும் ஊர் வாசலுக்குப் போய், முதல் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஏறிவந்தாள். அப்போதும் இல்லை. களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சநேரம் இடுப்பில் கைவைத்து நின்று, "இந்த மனுசன்கிட்ட இதை எப்படிச் சொல்றது" என்று மட்டும் யோசித்தாள்.

பேரிமேட்டு மலையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அது தானாக நிற்கிற மலை இல்லை, நிறுத்தி வைத்திருக்கிற மலை. குதிரைகூட ஏற யோசிக்கிற சரிவை, முன்னே வந்தவர்கள் வெட்டி வெட்டி அடுக்கடுக்காகச் சமம் செய்து, ஒவ்வொரு அடுக்குக்கும் முன்னாலே கல்லின் மேல் கல் வைத்துக் கட்டு எழுப்பி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தண்ணீர் வெளியேறக் கண் விட்டு வைத்தார்கள். உச்சியில் பெய்கிற மழை அந்த அடுக்குகள் இல்லாவிட்டால் வெறிபிடித்த மாடு மாதிரி மலை மண்ணை எல்லாம் கொம்பில் வாரிக்கொண்டு ஓடியிருக்கும். அடுக்குகள் இருந்ததால் நடக்கத் தெரிந்த மனுசி மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கி, அங்கங்கே உட்கார்ந்து, பயிருக்கு ஒரு வாய் கொடுத்து, கண் வழியே ஒழுகி, அடுத்த அடுக்குக்குப் போகும்.

அப்படியும் மண் இறங்கத்தான் செய்யும். மண்ணுக்குக் கீழே போக ஆசை, அதை யாரும் தடுக்க முடியாது. அதனால் ஊரில் ஒரு வழக்கம். பூண்டு அறுத்து முடித்து அடுத்த மழைக்கு முன்னாலே, மேல்காட்டுக்காரர்கள் கீழ்க்காட்டுக்குள் இறங்கி, தங்கள் காட்டிலிருந்து இறங்கி வந்த மண்ணைக் கூடையில் அள்ளித் திரும்ப மேலே ஏற்றுவார்கள். மண்ணேற்று என்று அதற்குப் பேர். கீழ்க்காட்டுக்காரர் அவர்களுக்குக் கருப்பட்டிக் காபி கொடுக்க வேண்டும், கூடையைத் தலையில் தூக்கிவிட வேண்டும். ஈர மண் நிறைந்த கூடையை ஒற்றை ஆளாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது என்பதால் தூக்கிவிட மாட்டேன் என்று ஒருத்தி சொல்லிவிட்டால், அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு முடிந்தது என்று ஊர் தெரிந்துகொள்ளும்.

சிட்டம்மா அப்படி ஒரு வருசம் காமாயியிடம் சொல்லியிருந்தாள். "உன் மண்ணோட என் மண்ணையும் சேத்து அள்ளுற" என்று வாய்விட்டாள். காமாயி நிறைந்த கூடையை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போனவள்தான், அதற்கப்புறம் மண்ணேற்ற வரவே இல்லை. வருசா வருசம் காமாயி காடு மெலிந்துகொண்டே போனது, சிட்டம்மா காடு தடித்துக்கொண்டே வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

இது போதாது என்று இன்னொன்றும் நடந்திருந்தது. ஊருக்குத் தார் ரோடு போட வந்தவர்கள் வேலை முடிந்து போகும்போது, கட்டிதட்டத் தொடங்கியிருந்த சிமெண்டு மூட்டைகளை விட்டுவிட்டுப் போனார்கள். சும்மா கிடைத்த பொருளைக் கெடவிட பேரிமேட்டுக்காரர்களுக்கு மனசு வராது. கல்கட்டுக் கண்வழியே எலி வருகிறது, முள்ளம்பன்றி வருகிறது, உருளைக்கிழங்கையும் பூண்டையும் தின்கிறது என்று ரொம்ப நாளாகவே ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. ஆளுக்கு ஒரு மூட்டையைச் சுமந்துபோய்க் கண்ணையெல்லாம் அடைத்து, மிச்சத்தைச் சுவர்மேலே பூசி மெழுகிவிட்டார்கள். எதிர்மேட்டிலிருந்து பார்க்க ரொம்ப லட்சணமாக இருந்தது. "நம்ம மலை இப்பத்தான் சட்டை போட்டிருக்கு" என்று ஊர் மன்னாடி சொன்னார். மன்னாடி என்றால் அங்கே ஊர்ப்பெரியவர். அவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள், எலியும் வரவில்லை, ஆனால் பூண்டு மட்டும் இரண்டு போகமாக வேர் அழுகி வந்தது. மழை அதிகம், அதான் என்று பேசிக்கொண்டார்கள்.

காடு காணாமல் போன அன்று மத்தியானம், மலைக்கு ஏறி வருகிற பஸ்ஸின் கண்டக்டர் படியிலே தொங்கியபடியே சிட்டம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, உங்க காடு மாவூத்துப்பட்டியில இறங்கியிருக்கு."

"எங்க காடுதான்னு எப்படிப்பா கண்டே?"

"பூண்டுக்கு நடுவுல உங்க வீட்டுக்காரரோட நீலச் சட்டையைப் போட்டு ஒரு பொம்மை நிக்குதே. போன வருசம் அந்தச் சட்டையோடதான என்கிட்ட டிக்கெட் எடுக்காம சண்டை போட்டாரு."

மாவூத்துப்பட்டி மலை அடிவாரத்து ஊர். வளைவு வளைவாகப் பஸ் இறங்கி, காது அடைத்துத் திறந்து, ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிற இடத்துக்கு வந்ததும் அந்த ஊர் வந்துவிடும். சிட்டம்மாவும் சடையப்பனும் இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். சின்னமாயன் என்பவருடைய மாந்தோப்பை ஒட்டின தரிசில், கல்கட்டும் வரப்பும் பொம்மையுமாக, ஒரு தாள்கூட மடங்காமல் பூண்டு பச்சென்று நிற்க, காடு உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது மட்டுமில்லை, தலைக்குமேலே குடை மாதிரி தன் அளவுக்கு ஒரு பனிமூட்டத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் வெயில் கொளுத்தியது. காட்டின் ஓரத்தில் கயிற்றுக்கட்டில் போட்டுத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சின்னமாயன் உட்கார்ந்திருந்தார்.

"உங்க காடா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. தப்பா நினைக்காதீங்க, கேக்காம வந்துருச்சு" என்றாள் சிட்டம்மா.

"வந்தது வந்துருச்சு, அதுக்கென்ன. நேத்து வரைக்கும் நெருஞ்சி மொளைச்சுக் கெடந்த எடம். காலையில கதவத் தொறந்தா குளிருது. எங்க வீட்டுல கெணறு பொங்கிருச்சான்னு கேக்குறா. தண்ணி பாய்ச்சணுமா வேண்டாமான்னு தெரியல, அதான் தொடாம இருக்கோம்."

"பாய்ச்ச வேண்டாம்ணே. பனியில குடிச்சுக்கும்."

"நல்ல பயிரு" என்றார் சின்னமாயன்.

அவ்வளவுதான் பேச்சு. மறுநாளிலிருந்து சிட்டம்மா காலை பஸ்ஸில் இறங்கிப்போய்க் களை எடுத்து, மண் அணைத்து, சாயங்கால பஸ்ஸில் ஏறிவரத் தொடங்கினாள். வீட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்புவாள், பாதி மலையில் கழற்றுவாள், வெயிலில் நடந்து காட்டுக்குப் போவாள், காட்டுக்குள் காலை வைக்கும்போது மறுபடியும் போட்டுக்கொள்வாள். ரெவின்யூ ஆள் ஒருத்தர் டேப்போடு வந்து அளந்து பார்த்து, சர்வே நம்பர் மேலே இருக்கிறது நிலம் கீழே இருக்கிறது, தீர்வையை மேலே கேட்பதா கீழே கேட்பதா என்று குழம்பி, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார். மாவூத்துப்பட்டி ஜனங்களுக்கோ அது கொளுத்துகிற வெயிலில் வந்த கொடை. வேர்க்குரு வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் கல்கட்டில் வந்து உட்கார்ந்தார்கள். கல்யாண வீட்டார் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூட்டிவந்து பனிக்குள் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். டீக்கடைக்காரர் அடுப்பைத் தூக்கிவந்து அருகிலேயே வைத்துக்கொண்டார், அந்த வெயிலில் இத்தனை டீ விற்று அவர் பார்த்ததில்லை. யாரும் ஒரு பூண்டைப் பிடுங்கவில்லை. உள்ளே நடக்கும்போது செருப்பைக் கழற்றினார்கள்.

சடையப்பனுக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது. மாமரத்தடியில் சின்னமாயனோடு ஆடுபுலி ஆட உட்கார்ந்தால் பஸ் ஹாரன் அடித்தாலும் எழ மாட்டார். "ஏறி எறங்கி முழங்கால் தேஞ்சு போச்சு, காட்டுக்கே புத்தி வந்து கீழ எறங்கிருச்சு, உனக்கு வரலையே" என்று பெண்சாதியைக் கேலி பேசினார்.

பூண்டும் அந்த ஊர் பிடித்துப்போன மாதிரிதான் வளர்ந்தது. இரண்டு போகம் அழுகினதில் சிட்டம்மா வீட்டு அடுப்புக்குமேலே புகையில் கட்டித் தொங்கவிடுகிற விதைப்பூண்டு முழுக்கத் தீர்ந்து, கடைசியாக இருந்ததைத்தான் இந்தமுறை ஊன்றியிருந்தாள். இது முத்தினால்தான் விதை. முத்தாமல் போனால் அடுத்த போகத்துக்கு அவள் கையில் ஒரு பல் கிடையாது. கடையில் வாங்குகிற பூண்டு அந்த மலையில் முளைக்காது. அந்த மலை விதை வேறு யார் வீட்டிலும் இல்லை, காமாயி வீட்டில் மட்டும் இருந்தது. காமாயி வீட்டு வாசலில் போய் விதைக்கு நிற்பதைவிட, காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கூலிக்குப் போகலாம் என்று சிட்டம்மா நினைத்தாள். ஐப்பசி கடைசி வரைக்கும் நின்றால் போதும், பூண்டு முத்திவிடும். அதைத் தவிர அவள் வேறெதையும் பார்க்கவில்லை.

மலையில் வேறெதையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சிட்டம்மா காடு இருந்த இடம் பள்ளமாக இருக்க, காமாயி காட்டின் கல்கட்டு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தரத்தில் நின்றது. யூகலிப்டஸ் மரம் வெட்டி முட்டுக் கொடுத்தார்கள், மரம் வளைந்தது. காமாயி காட்டில் குறுக்கே ஒரு விரிசல் விழுந்தது, முதலில் விரல் போனது, அப்புறம் கை போனது. அவள் காடு இறங்கினால் அதற்கு மேலே இருப்பது இறங்கும், அது இறங்கினால் அதற்கும் மேலே, அத்தனைக்கும் கீழே வரிசையாக ஊர்.

புரட்டாசியில் மன்னாடி ஊரைக் கூட்டினார்.

"சிட்டு, காட்டைத் திருப்பிக் கொண்டாரணும்" என்றார்.

"நானா மாமா அனுப்பிவச்சேன்?"

"நீ அனுப்பலை. அங்க போய் அள்ளிக்கிட்டு வரணும்கிறேன். எடத்தை நிரப்பிக் கட்டினாத்தான் மேல இருக்கிறது நிக்கும்."

"அள்ளிட்டு வர்றேன். பூண்டு முத்தட்டும். ஐப்பசி கடைசில அறுத்துட்டு முழுக்க அள்ளிடலாம்."

"அடைமழை உன் பூண்டைக் கேட்டுக்கிட்டா வரும்?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்.

"விதை போனா உங்க வீட்டுல இருந்து குடுப்பீங்களா மாமா? நீங்க ஊன்றதெல்லாம் கேரட்டு."

எல்லோரும் காமாயியைப் பார்த்தார்கள். காமாயி தூணில் சாய்ந்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தனக்கும் அந்தக் கூட்டத்துக்கும் சம்பந்தமே இல்லாதவள் மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட சிட்டம்மா என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. அவள் கேட்கவில்லை. கூட்டம் கலைந்தது.

சில நாள் கழித்து, காலை பஸ்ஸில் சிட்டம்மா முன்சீட்டில் உட்கார்ந்திருக்க, கடைசிச் சீட்டில் காமாயி ஏறி உட்கார்ந்தாள். கையில் வெறும் கூடை. கண்டக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விசில் அடித்தார். மாவூத்துப்பட்டியில் இரண்டு பேரும் இறங்கினார்கள், ஒருத்தி முன்னே, ஒருத்தி ரொம்பப் பின்னே. சிட்டம்மா காட்டுக்குள் போய்க் களைக்குக் குனிந்துவிட்டாள். காமாயி கல்கட்டுக்கு வெளியே நின்று, கட்டிலில் இருந்த சின்னமாயனைப் பார்த்து,

"அண்ணே, அவகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

சின்னமாயன் சிட்டம்மாவைப் பார்த்தார். கூப்பிடு தூரம்கூட இல்லை, கைநீட்டினால் தொடலாம். "இங்கதானம்மா இருக்காங்க" என்றார்.

"நீங்க சொல்லுங்க. என் மண்ணு அவ காட்டுல கெடக்கு. மழைக்கு முன்ன மண்ணேத்த வந்திருக்கேன்."

"மண்ணேத்த வந்திருக்காங்களாம்" என்றார் சின்னமாயன்.

"கேட்டுச்சுண்ணே. எது அவங்க மண்ணு, எது என் மண்ணுன்னு எப்படித் தெரியுமாம்? பேரு எழுதியிருக்கா?"

"எப்படித் தெரியும்னு கேக்குறாங்க."

"மேல கெடக்குற கருப்பு மண்ணு பூரா என்னுது. அவளுது அடியில, செவப்பு. சந்தேகம்னா தோண்டிப் பாக்கச் சொல்லுங்க."

"தோண்டிப் பாக்கச்..."

"கேட்டுச்சுண்ணே" என்று சிட்டம்மா களைக்கொத்தை, பூண்டு ஊன்றின இரண்டு பாருக்கு நடுவிலே போட்டாள். கருப்பு. இன்னும் போட்டாள். கருப்பு. முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்த்தாள், அப்புறம்தான் விரல் நுனியில் செவப்பு வந்தது. பூண்டின் வேர் ஒன்றுகூட அந்தச் செவப்பைத் தொட்டிருக்கவில்லை. இத்தனை வருசமாகத் தன் காடு நல்ல காடு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது அத்தனையும் காமாயி காட்டிலிருந்து மழைக்கு மழை இறங்கிவந்தது. கையை வெளியே எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

பேசாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு காமாயி உள்ளே வந்தாள். பூண்டு நிற்கிற பக்கமே போகாமல், கல்கட்டின் ஓரமாக வெறுமனே கிடந்த மண்ணை மட்டும் கையாலே வாரி வாரிக் கூடையில் போட்டாள். ஒரு தாளை மிதித்துவிடக்கூடாதென்று அவள் காலை ஒடுக்கி ஒடுக்கி வைத்ததை சிட்டம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். கூடை நிறைந்தது. காமாயி சும்மாடு சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, கூடைக்கு முன்னால் குத்தவைத்து, பஸ் வருகிற பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சின்னமாயன் எழுந்து வந்தார். "நீங்க விடுங்கண்ணே" என்றாள் சிட்டம்மா. அவர் நின்றார். ஆனால் அவளும் தூக்கவில்லை.

"இந்த ஒரு கூடையை வச்சு என்ன செய்யப் போறாங்களாம்?"

"கல்கட்டுக் காலுக்குக் கீழ போடுவேன்னு சொல்லுங்க."

"ஒரு கூடை எந்த மூலைக்குப் பத்தும்?"

"நாளைக்கும் வருவேன்."

"பஸ்ஸுலயா? ஒத்தக் கூடையா? மலை அதுவரைக்கும் உக்காந்திருக்குமா?"

காமாயி அப்போதுதான் தலையைத் திருப்பினாள். சின்னமாயனைப் பார்க்கவில்லை. "விரிசல்ல இன்னைக்கு முழங்கை போகுது புள்ள" என்றாள்.

பல வருசத்துக்கு அப்புறம் நேருக்கு நேராக வந்த வார்த்தை அது. அதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை, அடுப்பில் விறகு இல்லை என்று சொல்கிற மாதிரி இருந்தது. சிட்டம்மா தன் முழங்கையைப் பார்த்தாள், அதில் இன்னும் கருப்பு மண் ஒட்டியிருந்தது. குனிந்து கூடையின் ஒரு காதைப் பிடித்தாள், காமாயி மறு காதைப் பிடித்தாள், தூக்கி வைத்தார்கள். பாரம் கழுத்தில் இறங்கினதும் காமாயி மெதுவாக எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

சிட்டம்மா முதல் பாருக்குப் போய், முதல் பூண்டைத் தாளோடு பிடித்து இழுத்தாள். பல் பிரியாத வெள்ளை உருண்டையாக, பால் மணத்தோடு வந்தது. விதைக்கு ஆகாது. அதைக் கரையில் போட்டாள், அடுத்ததைப் பிடித்தாள். சடையப்பன் மாமரத்தடியிலிருந்து ஓடிவந்து, "என்னடி பண்ற, பைத்தியமா உனக்கு" என்றார். "புலியை அப்புறம் நகத்தலாம், அந்தப் பக்கத்துப் பாரைப் பிடுங்கு" என்றாள் அவள்.

பேரிமேட்டிலிருந்து கேரட்டும் கோசும் ஏற்றிக்கொண்டு கீழே வருகிற லாரிகள் திரும்பும்போது வெறுமனேதான் மலை ஏறும். அவற்றிலெல்லாம் இப்போது மண் ஏறியது, கல் ஏறியது. ஊரே இறங்கி வந்தது. பஸ்ஸில் வந்தவர்கள் ஆளுக்கொரு சாக்கு மண்ணை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், லக்கேஜ் போட வேண்டுமா என்று கண்டக்டர் கேட்டதற்கு, "இது சடையப்பன் மாமா மாதிரி, டிக்கெட் எடுக்காது" என்று பதில் வந்தது. மாவூத்துப்பட்டி ஆட்கள் மம்பட்டியோடு வந்து லாரிக்கு மண் வாரிக் கொடுத்தார்கள். சின்னமாயன் வீட்டு அம்மா பிடுங்கிப் போட்ட பச்சைப் பூண்டைத் தாளோடு நறுக்கி, கடலையெண்ணெயில் வதக்கி, பெரிய அண்டாவில் குழம்பு வைத்து இரண்டு ஊருக்கும் ஊற்றினாள். ரொம்ப நல்ல குழம்பு. சிட்டம்மா அதில் ஒரு வாய்தான் சாப்பிட்டாள்.

மேலே கல்கட்டு எழுந்தது. கல்லைக் கொஞ்சம் மலைப்பக்கமாகச் சாய்த்து வைத்து, சிமெண்டு இல்லாமல், கல்லுக்குக் கல் கடிக்கவிட்டுக் கட்டினார்கள். புதுக் கட்டைக் காமாயி கட்டோடு இணைப்பதற்காக மன்னாடி அவள் சுவரின் சிமெண்டுப் பூச்சைக் கடப்பாரையால் ஓர் அடி அடித்தார். அடைத்திருந்த கண் ஒன்று திறந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. பழுப்பான தண்ணீர், ஊறின வாடையோடு. மன்னாடி முகத்தைத் துடைத்துக்கொண்டு முகர்ந்து பார்த்து, "இது இந்த வருசத்து மழை இல்லையப்பா, போன வருசத்து மழை" என்றார். அது நின்று முடிய நேரம் பிடித்தது. அப்புறம் ஒவ்வொருத்தராகத் தங்கள் தங்கள் கட்டுக்குப் போய்ச் சிமெண்டை உடைக்கத் தொடங்கினார்கள். போன வருசத்து மழையும் அதற்கு முந்தின வருசத்து மழையும், எப்போது பெய்ததென்று யாருக்கும் ஞாபகமில்லாத ஓர் ஆலங்கட்டி மழையும்கூட, சில்லென்று வெளியேறிப் போயின. எலி வந்தால் வரட்டும் என்று மன்னாடி சொன்னார், சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மண் கொஞ்சம் குறைந்தது. ஏற்றி இறக்கினதில் சிந்தினது போக, கல்கட்டின் மேல்மட்டத்துக்கு வரவில்லை. சின்னமாயன் கேள்விப்பட்டு, "காடு உக்காந்த எடத்துக்கு அடியில என் மண்ணு இருக்கில்ல, அதை வாரிக்கங்க. இத்தனை நாள் விசிறி இல்லாம தூங்கினதுக்கு நான் என்ன திருப்பித் தந்தேன்" என்று ஒரு லாரி மண்ணை அனுப்பிவைத்தார். அது பொடிமண், வெளிறின மண், தொட்டால் கை சுட்டது. அதையும் போட்டு நிரவினார்கள். நிரவி முடித்த மறுநாள் அடைமழை பிடித்துக்கொண்டது.

வானம் எங்கே, மலை எங்கே என்று தெரியாத மழை. பெய்து, ஓய்ந்தது போல் பாவனை காட்டி, மறுபடியும் பெய்தது. பேரிமேடு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மலையையே பார்த்தது. எல்லா அடுக்குகளின் எல்லாக் கண்களும் ஒழுகின. உச்சியிலிருந்து ஊர் வரைக்கும் அந்த மலை, ரொம்ப நாள் அடக்கி வைத்திருந்ததை ஒரு துக்க வீட்டில் உட்கார்ந்து ஆற அழுது தீர்க்கிறவள் மாதிரி, சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒழுகின தண்ணீர் தெளிவாக இருந்தது, மண்ணை எடுத்துக்கொண்டு போகவில்லை. காமாயி விரிசலில் மண் போட்டு மிதித்து மூடின இடம் மூடினபடியே இருந்தது. மழை விட்டபோது மலை வைத்த இடத்தில் நின்றது.

சிட்டம்மா காடு வெறுமனே கிடந்தது. ஊன்ற விதை இல்லை. அவள் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கொத்தமல்லி விதைக்கலாமா, சும்மா போட்டுவிட்டுக் கூலிக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டே கல்கட்டில் உட்கார்ந்திருந்தவள்தான் அதை முதலில் கவனித்தாள். மார்கழி மாசம், புல்நுனியெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிற நேரம், அவள் காட்டில் மட்டும் பனி இல்லை. அந்த மூட்டம் மண்ணோடு ஏறி வராமல் மாவூத்துப்பட்டியிலேயே தங்கிவிட்டிருந்தது. டீக்கடைக்காரர் இன்னும் அங்கேதான் கடை வைத்திருப்பதாகக் கண்டக்டர் சொன்னார். அதற்குப் பதிலாகச் சின்னமாயன் மண்ணோடு அந்த ஊர் வெயில் ஏறி வந்துவிட்டது. காட்டின் நான்கு வரப்புக்குள்ளே, அளவெடுத்துத் தைத்த மாதிரி, மஞ்சளாகக் கதகதவென்று வெயில் அடித்தது.

பேரிமேட்டில் ஈரத்துணி காய நாலு நாள் ஆகும். மறுநாளே ஊர்ப் பெண்கள் துணியோடு வந்துவிட்டார்கள். அப்புறம் கேரட் விதை காயவைக்க வந்தார்கள், அரைத்த மாவு வற்றலை விரிக்க வந்தார்கள், மூட்டுவலிக்காரர்கள் காலை நீட்டிக்கொண்டு உட்கார வந்தார்கள். சடையப்பன் ஆடுபுலிக் கட்டத்தை இங்கேயே கீறிக்கொண்டார். சாயங்காலம் ஆனால் அவரவர் கொண்டுவந்ததை அவரவர் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஒருநாள் காமாயி வந்தாள். மேல்காட்டிலிருந்து நேராக இறங்காமல், ஊரைச் சுற்றி, வழியோடு வந்தாள். மடியிலிருந்து விதைப்பூண்டுக் கொத்துகளை எடுத்தாள், அடுப்புப் புகை ஏறி மினுமினுத்த கொத்துகள். வெயிலிலே ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்தாள்.

"எங்க வீட்டுல புகையே பத்தல. இங்க நல்லாக் காயுதுன்னாங்க" என்று பொதுவாகச் சொன்னாள்.

"காயும்" என்றாள் சிட்டம்மா.

காமாயி கொஞ்சநேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். சடையப்பன் ஒரு புலியைத் தப்பாக நகர்த்தியதைச் சொல்லிக் கொடுத்தாள். அப்புறம் வெயில் மேற்கே சாய, பெண்கள் துணியை மடித்தார்கள், வற்றலைப் பாயோடு சுருட்டினார்கள், வயசானவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். காமாயியும் எழுந்து, சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, வெறும் மடியோடு நடக்கத் தொடங்கினாள்.

"அக்கா" என்றாள் சிட்டம்மா.

காமாயி நின்றாள், திரும்பவில்லை.

"காபி போட்டிருக்கேன், குடிச்சுட்டுப் போங்க."

காமாயி திரும்பி வந்து உட்கார்ந்தாள். பூண்டைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை.